முக அழகு அறுவையில் மயக்க மருந்து: மரப்பு ஊசி முதல் முழு மயக்கம் வரை ஒரு மதிப்பீடு

முகத்தில் அழகு அறுவை செய்துகொள்ள விரும்புபவர்கள் அறுவை மருத்துவரின் கைத்திறனைப் பற்றி ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். அந்த அறுவையின்போது தங்களை எப்படி மயக்கப் போகிறார்கள், மயங்கிய பின் தங்கள் மூச்சை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நான் மேல் இமையில் தொங்கிய தோலை மரப்பு ஊசியில் நீக்கிக்கொண்டேன். பிறகு கீழ் முகத்தையும் கழுத்தையும் இறுக்கும் அறுவையை அரைமயக்கத்தில் செய்துகொண்டேன். என் தங்கைக்கு அதே மருத்துவமனையில் மூக்குச் சீரமைப்பு முழு மயக்கத்தில் நடந்தது. ஆகவே மூன்று முறைகளையும் அருகிலிருந்து பார்த்துவிட்டேன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அறுவைக்குப் பின் முகம் எப்படி அமைந்தது என்பது இங்கே பேசப்படாது. மருத்துவமனையின் பெயரையும் தவிர்க்கிறேன். அங்கே கண்ட நிறைகளும் குறைகளும் இத்தகைய சேவையை எங்கே பெறுபவருக்கும் பொருந்தக்கூடியவை.

முதலில் ஒரு குறை. அவர்கள் தந்த கையேட்டில் இந்த முறைகளுக்கு இனிமையான பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. மரப்பு ஊசி 'விழிப்பு நிலைச் சிகிச்சை' ஆகியிருந்தது. அரைமயக்கம் 'இதமான உறக்கம்' ஆகியிருந்தது. 'முழு மயக்கத்தின் ஆபத்து ஏதுமின்றி' என்று ஒரு வாக்கியமும் அச்சாகியிருந்தது. அந்த வாக்கியத்தை நீக்கியே ஆக வேண்டும். அமெரிக்க மயக்கவியல் நிபுணர்கள் சங்கம் மயக்கத்தை லேசான தணிவு (மருந்தால் பதற்றமும் விழிப்பும் குறைந்த நிலை), மிதமான தணிவு, ஆழ்ந்த தணிவு, முழு மயக்கம் என்று நான்கு நிலைகளாகப் பிரித்தாலும், இவற்றுக்கிடையே சுவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒருவரை மிதமான நிலையில் நிறுத்தும் அதே அளவு மருந்து இன்னொருவரை ஆழ்ந்த நிலைக்குத் தள்ளிவிடலாம். அதனால்தான், எந்த நிலையை உத்தேசித்து மருந்து கொடுக்கிறார்களோ அதற்கு அடுத்த ஆழத்துக்குப் போய்விட்டவரையும் மீட்கத் தெரிந்தவரே அந்த மருந்தைக் கையாள வேண்டும் என்பது அடிப்படை விதியாக இருக்கிறது. 'அரை' என்ற சொல்லை நம்பி ஆபத்தும் பாதியாகிவிட்டது என்று கணக்குப் போடுவது சரியில்லை.

மரப்பு ஊசியிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் லிடோகைன்தான் பயன்படுகிறது. 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்ட இந்த மருந்தின் இடத்தை இன்றுவரை வேறொன்று முழுமையாகப் பிடிக்கவில்லை. அதனுடன் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அட்ரினலின் கலக்கப்படுகிறது. அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கசிவு குறைகிறது, மருந்தும் அந்த இடத்திலேயே நெடுநேரம் தங்குகிறது. ஊசி எரிவதற்குக் காரணம் மருந்தின் அமிலத்தன்மை. சோடியம் பைகார்பனேட் சிறிது சேர்த்து, மெல்லிய ஊசியில் மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் வெகுவாகக் குறையும். எனக்கு அப்படித்தான் செய்தார்கள். முதல் குத்தும் அதைத் தொடர்ந்த ஓர் அழுத்தமும் தவிர வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊசி போட்டவுடன் கத்தியை எடுக்காமல், தோல் வெளிறும்வரை மருத்துவர் பொறுமையாகக் காத்திருந்தது எனக்குப் பிடித்தது. அவசரக்காரர்கள் இந்த இடைவெளியைத்தான் முதலில் விழுங்குகிறார்கள். அட்ரினலின் முழு வேகத்தில் வேலை செய்யக் கால் மணி நேரமோ அதற்கு மேலோகூட ஆகலாம்.

வலி போய்விடும், தொடு உணர்வு போவதில்லை. இமைத் தோலைப் பிடித்து இழுப்பதும், நூல் தோலுக்குள் நழுவிச் செல்வதும் தெரிந்தன. இரத்தக் கசிவை நிறுத்த மின்முனையால் சுடும்போது கருகல் வாடை மூக்கில் ஏறியது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பேன். நடுவில் 'கண்ணைத் திறங்கள், மேலே பாருங்கள், மூடுங்கள்' என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இமை அறுவையில், குறிப்பாகத் தாழ்ந்த இமையைத் தூக்கும் அறுவையில், இது பெரிய அனுகூலம்: நோயாளி தானே கண்ணைத் திறந்து காட்டும்போதுதான் இரண்டு இமைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அங்கேயே சரிபார்க்க முடியும். உறங்குபவரிடம் இதைக் கேட்க இயலாது.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நோயாளியும் அறிந்திருப்பது நல்லது. அட்ரினலின் கலந்த லிடோகைனுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம், மொத்தத்தில் 500 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். 1 விழுக்காட்டுக் கரைசலில் 42 மில்லி, 2 விழுக்காட்டுக் கரைசலில் 21 மில்லி. இமைக்கு இதில் சிறு பகுதியே போதும், கவலையில்லை. முகம் முழுவதும் கழுத்தும் சேர்ந்த அறுவையை மரப்பு ஊசியிலேயே முடித்துவிடுவதாகச் சொல்பவர்களிடம்தான் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். அளவு மீறி இரத்தத்தில் கலந்தால் வாயைச் சுற்றி மரத்தல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும், இதயத் துடிப்புச் சீர்குலையும் வரைக்கும் போகலாம். அதற்கான மாற்று மருந்து 20 விழுக்காட்டுக் கொழுப்புக் குழம்பு. அது அறுவை அறையிலேயே இருக்க வேண்டும். நான் கேட்டபோது செவிலியர் அலமாரியைத் திறந்து அதைக் காட்டினார், காலாவதித் தேதியையும் படித்துச் சொன்னார். அந்த மருத்துவமனையில் எனக்கு நம்பிக்கை பிறந்த இடம் அதுதான்.

இமை, மச்சம், தழும்பு, காது மடல், உதடு போன்ற சிறு அறுவைகளுக்கு மரப்பு ஊசி ஒன்றே போதும் என்பது என் தீர்ப்பு. ஐந்துக்கு ஐந்து கொடுக்கத் தயக்கமில்லை. கண் குழிக்குக் கீழே உள்ள நரம்புக்கருகில் ஒரே ஊசி போட்டால் கன்னத்தின் முன்பகுதி, மூக்கின் பக்கச் சுவர், மேலுதடு ஆகியவை மரத்துப்போகின்றன. தெரிந்தவர் கையில் ஊசிகளின் எண்ணிக்கையும் குறையும். படுத்த நிலையில் அசையாமல் இருக்க முடியாதவர்களுக்கும், பயத்தால் இரத்த அழுத்தம் எகிறுபவர்களுக்கும் இது பொருந்தாது. அழுத்தம் ஏறினால் கசிவும் ஏறும். மருத்துவருக்குக் களம் தெரியாது.

மரப்பு ஊசியுடன் விழுங்கத் தரப்படும் மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயஸெபாம், லோரஸெபாம் வகை மாத்திரை பதற்றத்தைத் தணிக்கும், உண்மைதான். ஆனால் வயிற்றுக்குள் போன மாத்திரை எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வேலை செய்யவில்லையே என்று இரண்டாவதைக் கொடுத்துவிட்டால், இரண்டும் சேர்ந்து ஏறும்போது அறுவை பாதியில் இருக்கும். சிரை வழியே கொடுப்பதைப் போலச் சொட்டுச் சொட்டாகக் கூட்டவோ நிறுத்தவோ இதில் வழியில்லை. கண்காணிப்புக் கருவியும் இல்லாமல் சிறு அறையில் இதைத் தருவதைச் சிக்கனமான சேவை என்று விளம்பரப்படுத்தும் இடங்களுக்கு இரண்டு மதிப்பெண்ணே அதிகம். மூக்கில் முகமூடி வைத்துத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வேகமாக ஏறி வேகமாக இறங்கும் நல்ல வாயு. ஆயினும் அறுவை நடக்க வேண்டிய இடத்திலேயே முகமூடி உட்கார்ந்துகொள்வதால் முகத்தில் அதன் பயன் ஊசி போடும் சில நிமிடங்களோடு நின்றுவிடுகிறது.

இனி அரைமயக்கம். அதிகம் விற்கப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. கையில் சிரை வழியாக மருந்து ஏற்றி, நோயாளி தானே மூச்சுவிடும் நிலையில் உறங்கவைத்து, அறுவை நடக்கும் இடத்தில் மரப்பு ஊசியும் போடுகிறார்கள். பதற்றத்தையும் நினைவையும் அகற்ற மிடஸோலாம், வலிக்கு ஃபென்டனில், உறக்கத்துக்குப் புரோப்போஃபால். சில இடங்களில் டெக்ஸ்மெடெடோமிடின் அல்லது கெட்டமின். புரோப்போஃபால் பால் போல வெண்மையாக இருக்கும். சோயா எண்ணெயில் கலந்த குழம்பு அது. கையில் ஏறும்போது முழங்கைவரை ஓர் எரிச்சல் ஓடியது. 'எரிகிறது' என்று நான் வாயெடுத்தது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு கட்டுப் போட்ட தலையோடு கண் விழித்ததுதான் நினைவில் இருக்கிறது. நடுவில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதாகப் பிறகு தெரிவித்தார்கள். மிடஸோலாம் செய்யும் வேலை அது: விழித்திருந்தாலும் நினைவில் பதிவதில்லை.

மைக்கேல் ஜாக்சன் 2009-இல் இறந்ததிலிருந்து புரோப்போஃபால் என்ற பெயரைக் கேட்டாலே பலர் நடுங்குகிறார்கள். அங்கே அம்மருந்து வீட்டின் படுக்கையறையில், உரிய கண்காணிப்புக் கருவிகளும் மீட்புச் சாதனங்களும் இல்லாமல் கொடுக்கப்பட்டது. மிடஸோலாமை முறியடிக்க ஃப்ளூமஸெனில் உண்டு, ஃபென்டனிலை முறியடிக்க நலாக்சோன் உண்டு. புரோப்போஃபாலுக்கு அப்படி ஒரு முறிமருந்து கிடையாது. மூச்சு மந்தமானால், மருந்தின் வேகம் இறங்கும் வரை ஒருவர் தாடையைத் தூக்கிப் பிடித்தோ பையை அழுத்தியோ மூச்சுக் கொடுக்க வேண்டும். ஆகவே நான் ஆலோசனையில் கேட்ட முதல் கேள்வி, 'அறுவை செய்பவரைத் தவிர, என் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் யார்?' என்பதே. தனி மயக்கவியல் நிபுணர் தொடக்கம் முதல் முடிவு வரை அறையில் இருப்பார் என்று சொன்னார்கள், அப்படியே இருந்தார். அறுவை மருத்துவரே செவிலியரிடம் சொல்லி மருந்து ஏற்றிக்கொள்வார் என்று பதில் வந்திருந்தால், ஆழ்ந்த உறக்கம் தேவைப்படும் அறுவைக்கு நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

முகத்தைப் பொறுத்தவரை ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முழங்காலில் அறுவை நடந்தால் மயக்கவியல் நிபுணர் தலைமாட்டில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உதடு நீலம் பாய்கிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். முக அறுவையில் தலைமாடு அறுவை மருத்துவருக்கு உரியது, மற்ற இடமெல்லாம் துணியால் மூடப்பட்டிருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரத்தத்தின் ஆக்சிஜனைத்தான் காட்டுகிறது. கூடுதல் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு நின்ற பிறகும் அந்த எண் சிறிது நேரம் அசையாமலே நிற்கும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் அப்படி ஏமாறாது: மூச்சு நின்ற கணமே திரையில் அலை தட்டையாகிவிடும். மிதமான, ஆழ்ந்த தணிவுகளுக்கு இதை அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011 முதல் தன் தரவிதிகளில் வைத்திருக்கிறது. எனக்கு மூக்குத் துளையில் பொருத்திய மெல்லிய குழாயின் ஒரு கிளை ஆக்சிஜனுக்கும் மறு கிளை இந்த அளவைக்கும் என்று, அதைப் பொருத்தும்போதே விளக்கினார்கள். அரைமயக்கம் தரும் இடத்தில் இந்தக் கருவி இல்லை என்றால் மற்ற வசதிகளைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இன்னோர் ஆபத்து தீ. நம்புவதற்குச் சற்றுக் கடினமாக இருக்கும். ஆனால் சுடும் மின்முனை, எரியக்கூடிய துணி, சாராயம் கலந்த கிருமிநாசினி, துணிக்கடியில் தேங்கும் ஆக்சிஜன் எல்லாம் முக அறுவையில் ஒரே சாண் அகலத்துக்குள் கூடுகின்றன. அறுவை அறைத் தீவிபத்துகளில் தலை, கழுத்து அறுவைகளுக்குப் பெரும் பங்கு இருப்பதன் காரணம் இதுவே. திறந்த குழாய் வழியே ஆக்சிஜன் கொடுக்கும்போது அதன் செறிவை 30 விழுக்காட்டுக்குள் வைப்பதும், மின்முனையை எடுக்குமுன் ஆக்சிஜனை நிறுத்திச் சற்றுப் பொறுப்பதும் இதற்கான முறை. அதற்கு மேல் ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு ஒருவரை ஆழமாக உறங்கவைக்க வேண்டியிருந்தால், அரைமயக்கத்தை விட்டுவிட்டுக் குழாயோடு கூடிய முழு மயக்கத்துக்குப் போவதே அறிவுடைமை. எங்கள் அறுவை மருத்துவர் 'சுடப் போகிறேன்' என்று ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்வார் என்றும், மறுமுனையிலிருந்து 'நிறுத்திவிட்டேன்' என்று பதில் வந்த பிறகே சுடுவார் என்றும் செவிலியர் ஒருவர் சொன்னார். அப்போது நான் உறங்கிக்கொண்டிருந்தேன். இமை அறுவையின்போது எனக்கு ஆக்சிஜனே தரவில்லை என்பதால் அந்தப் பேச்சு எழவில்லை. (அவரே சொன்ன இன்னொரு விநோதம்: உறக்க மருந்து ஏறிய நிலையில் கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போடும்போது சிலர் திடீரெனப் பலமாகத் தும்மிவிடுவார்களாம். ஊசி கண்ணருகே இருக்கும் வேளையில் தும்மல் வருவது சிறிய விஷயமில்லை; தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் நிற்பது அதற்காகவும்தான்.)

தனி நிபுணரும் கேப்னோகிராஃபும் இருந்தால் அரைமயக்கத்துக்கு நான்கரை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். எனக்குக் கிடைத்த சேவையில் அரை மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் உண்டு: மயக்கவியல் நிபுணரை அறுவை நாளன்று காலையில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன், ஒப்புதல் படிவமும் உடை மாற்றிய பிறகே கைக்கு வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்ட ஒருவரிடம் பொடி எழுத்துப் படிவத்தை நீட்டுவது ஒப்புதல் பெறும் முறையாகாது.

தங்கையின் மூக்கு அறுவைக்கு முழு மயக்கம் தவிர வேறு வழியைப் பரிந்துரைக்கவே இல்லை, அது சரியும்கூட. மூக்கெலும்பை உடைத்துச் சீராக்கும்போது இரத்தம் பின்வழியாகத் தொண்டைக்குள் இறங்கும். அரைத்தூக்கத்தில் இருப்பவரின் தொண்டை அதைத் தடுத்து நிறுத்தும் என்று நம்ப முடியாது. மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழாயின் முனையில் உள்ள சிறு பலூன் ஊதி நின்று நுரையீரலைக் காக்கிறது. முக அறுவைக்கென்றே முன்வளைத்துச் செய்த குழாய்கள் 1970களிலிருந்து புழக்கத்தில் உள்ளன. உதட்டைத் தாண்டியதும் அது மோவாயின் மேல் கீழ்நோக்கி மடிந்துகொள்ளும், நடுக்கோட்டில் ஒட்டப்படும். பக்கவாட்டில் ஒட்டினால் உதடு கோணும். கோணிய முகத்தில் மூக்கின் நேர்மையை அளப்பது எப்படி?

முழு மயக்கத்தின் மேல் இருக்கும் பயத்தில் பெரும்பகுதி பழைய காலத்தது. ஆரோக்கியமானவர்களுக்கு, முறையான கருவிகளோடும் தகுதியானவர் கையிலும் அது மிகவும் பாதுகாப்பானது. நடுவில் விழித்துக்கொண்டால் என்னாவது என்று தங்கை கேட்டபடியே இருந்தாள். பிரிட்டனில் நாடளாவிய அளவில் நடந்து 2014-இல் வெளியான தணிக்கை, நோயாளிகள் தாமே தெரிவித்த அத்தகைய விழிப்பு சுமார் 19,000 மயக்கங்களில் ஒன்று என்று மதிப்பிட்டது. அதிலும் தசைகளைத் தளர்த்தும் மருந்து சேர்த்தபோதுதான் அது கூடுதலாகத் தெரியவந்தது. அவளுடைய நிபுணர் இதை மழுப்பாமல் சொன்னார், மூளை அலைகளை அளக்கும் பட்டையை நெற்றியில் ஒட்ட முடியுமா என்பதையும் அறுவை மருத்துவரிடம் கேட்டறிந்தார்.

முழு மயக்கத்தின் உண்மையான தொல்லை எழுந்த பிறகு வரும் குமட்டல். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதிருப்பது, பயணத்தில் வாந்தி எடுக்கும் வழக்கம் அல்லது முந்தைய மயக்கத்துக்குப் பின் வாந்தி வந்த அனுபவம், அறுவைக்குப் பின் ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து தேவைப்படுவது என்று நான்கு காரணங்களை வைத்து இதைக் கணிக்கிறார்கள்; நான்கும் சேர்ந்தால் வாய்ப்பு ஏறக்குறைய 80 விழுக்காடு. தங்கைக்கு நான்குமே இருந்தன. ஆகவே மயக்க வாயுவைத் தவிர்த்து, புரோப்போஃபாலையே தொடர்ந்து சிரை வழியே ஏற்றி மயக்கத்தை நடத்தினார்கள். குமட்டலைத் தடுக்க டெக்ஸாமெத்தசோனும் ஆன்டான்செட்ரானும் கொடுத்தார்கள். விழுங்கிய இரத்தமே வாந்தியைத் தூண்டும் என்பதால் தொண்டையில் ஈரத்துணி அடைத்து, எடுத்ததை எண்ணிக் கரும்பலகையில் குறித்தார்கள். இவ்வளவும் செய்து ஒரு முறை ஓங்கரித்ததோடு தப்பினாள். தொண்டை வலி சில நாள் இருந்தது, குழாயின் உபயம்.

குமட்டலை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகத்தை இறுக்கும் அறுவையில் மிகுதியாக வரும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் கட்டுவது. ஆண்களுக்கு அது இன்னும் அதிகம். வாந்தி, இருமல், திடீரென ஏறும் இரத்த அழுத்தம் மூன்றும் அதற்கு வழி திறந்துவிடும். எனவே எந்த முறையில் உறங்கவைத்தார்கள் என்பதோடு, எவ்வளவு அமைதியாக எழுப்பினார்கள் என்பதையும் வைத்தே இந்தச் சேவையை மதிப்பிட வேண்டும். இருமாமல் குழாயை எடுப்பது ஒரு தனிக் கலை. முழு மயக்கத்துக்கு இங்கே நான்கு கொடுக்கிறேன். குறைந்த ஒன்று மருத்துவமனையின் குறையன்று, அந்த முறைக்கே உரிய தொண்டை வலிக்கும் மந்தத்துக்கும் போகிறது.

முன்பரிசோதனைக்கு வருகிறேன், இங்கே அவர்கள் தேர்ச்சி பெறவில்லை. திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என்ற பொது விதி குறுஞ்செய்தியில் வந்தது. ஆனால் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிய கேள்வி படிவத்தில் இல்லை. செமாக்ளூடைட் போன்ற மருந்துகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி கிடந்தவரின் வயிற்றிலும் உணவு தேங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் ஏறினால் விபரீதம். வேகமாக எடை குறைந்து முகத்தோல் தளர்ந்தவர்களே இந்த அறுவைக்கு வரிசையில் நிற்கும் காலத்தில் இந்தக் கேள்வி முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். குறட்டையையும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதையும் பற்றி ஒரே ஒரு வரி. அரைமயக்கத்தில் யாருக்கு மூச்சு அடைக்கும் என்பதைச் சொல்லக்கூடிய கேள்வி அதுதான். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது உடல் கொதித்துக் காய்ச்சல் கண்டதுண்டா என்று மட்டும் மறவாமல் கேட்டார்கள். பரம்பரையாக வரும் அந்த அரிய கோளாறைச் சில மயக்க வாயுக்களும் சக்சினைல்கோலின் என்ற மருந்தும் தூண்டிவிடும்; அதற்கு மருந்தான டான்ட்ரோலின் கையிருப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

கட்டண விவரத்தில் அறுவை, அறை, மயக்கம் மூன்றையும் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன்; கேட்காதவர்களுக்கு ஒரே தொகையாகத்தான் தருகிறார்கள். மயக்கத்துக்கான வரியில் நிபுணரின் கட்டணம் இல்லாத பட்டியல் எங்கே கையில் வந்தாலும், மருந்தை யார் ஏற்றப் போகிறார்கள் என்பதை அங்கேயே கேட்டுவிடலாம். வீட்டுக்கு அனுப்பும்போது, 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று எனக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள். மிடஸோலாமின் மிச்சம் இருந்த மண்டையில் அது எதுவும் நிற்கவில்லை. தங்கைக்குச் சொன்னபோது நான் அருகிலிருந்து எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை அவர்களே அச்சிட்டு உடன் வந்தவர் கையில் கொடுப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பரிந்துரைப் பெட்டியில் இதை எழுதிப் போட்டிருக்கிறேன், கையேட்டின் அந்த வாக்கியத்தைப் பற்றியும் சேர்த்து.